ஜன்னலில் நின்று கூப்பிட்ட பெயர்

லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற இடத்தில், எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குணம் என்னைக் கண்டால் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "அக்கா, இண்டைக்கு எந்த வெள்ளைக்காரன்ர பூட்டனைக் கண்டுபிடிச்சனீங்கள்?" கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருத்திக்கு ஸ்கொட்லாந்துக்காரர்களின் வம்சத்தோடு என்ன வேலை என்பது குணத்துக்கு மட்டுமல்ல, என் மாமியாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. "செத்த ஆக்களைத் தேடுறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பார்.

கொடுத்தார்கள். அதில்தான் பிள்ளைகளைப் படிப்பித்தோம், வீட்டுக்கடன் கட்டினோம். போன வருடம் நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் இருந்த பிள்ளைகள் இந்த வேலையைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இப்போது கம்ப்யூட்டரே பழைய கையெழுத்தை வாசித்து, "இவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவாக இருக்கலாம்" என்று தானாகவே சொல்லிவிடுகிறது. நல்ல விஷயம்தான். நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தேடியதை அது தேநீர் ஆறுவதற்குள் தேடித் தருகிறது. ஆனாலும் மிஸ்டர் ஹார்வியின் விஷயத்தை மட்டும் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கே ஆசை இருந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசியவர்கள். அவர்கள் பேச்சு என் காதில் தங்கியிருப்பது என் தமிழில்தான். ஆகவே ஸ்கொட்லாந்துக்காரர்களும் இங்கே யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அந்த அலுவலகத்துக்குப் போனது தட்டச்சு செய்ய. ஏஜென்சிக்காரர்கள் அனுப்பினார்கள். லண்டன் கிளார்க்கன்வெல்லில் மணிக்கூடு திருத்தும் கடை ஒன்றுக்கு மேலே, இரண்டு அறைகள். வெளிநாடுகளில் இருக்கும் ஸ்கொட்லாந்து வம்சாவழியினர் தங்கள் முன்னோர்களைத் தேடித் தரும்படி பணம் கட்டுவார்கள். தேடுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. மிகப் பழைய காலத்துக்குக் கோயில் பதிவேடுகள். ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் ஞானஸ்நானம், கலியாணம் எல்லாவற்றையும் பாதிரியாரோ எழுத்தரோ எழுதி வைத்திருப்பார்கள். அதற்குப் பிந்திய காலத்துக்கு அரசாங்கத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகள். இவற்றோடு பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் எடுத்த குடிசனக் கணக்கெடுப்பு. அதை நூறு வருடம் பூட்டி வைத்துவிட்டுத்தான் மக்களுக்குத் திறப்பார்கள்.

படச்சுருளைக் கையால் சுற்றிச் சுற்றி வாசிக்கப் பழகிய அந்த முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தலையிடி வந்தது, கண்ணாடி வந்தது. ஆனால் ஒன்று என்னைப் பிடித்து இருத்தியது. அந்த நாட்டில் மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயரை வைப்பார்கள், அடுத்தவனுக்குத் தாயின் தகப்பன் பெயரை. பெயரைப் பார்த்தே பாட்டனைப் பிடித்துவிடலாம். இதை எனக்கு விளங்கப்படுத்த ஒருவர் முக்கால் மணித்தியாலம் எடுத்தார். நானோ முதல் வசனத்திலேயே விளங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். பாட்டன் பேரைத் தாங்குகிறவனைத்தானே நாங்கள் பேரன் என்கிறோம்.

என் மேலாளர் மிஸ் ரிச்சி. ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர்க்காரி. நல்ல உயரம். வெயிலானாலும் குளிரானாலும் கம்பளிச் சட்டையின் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பார், மீன் வெட்டப் போகிறவர் மாதிரி. அவர் வாயில் எப்போதும் ஒரே கேள்வி: "ஆர் சொன்னது?"

இறப்புப் பதிவில் எழுபது வயது என்று இருக்கிறதா? ஆர் சொன்னது? மருமகன் சொல்லியிருக்கிறான். மாமனாரின் வயது மருமகனுக்கு எப்படித் தெரியும்? மாமனாரே சொல்லியிருப்பார். அவருக்கு எப்படித் தெரியும்? இப்படியே போகும். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அதை யார் சொன்னார்கள் என்று பென்சிலால் எழுத வேண்டும். இரண்டு வெவ்வேறு சாட்சிகள் கிடைத்தால்தான் வம்ச மரத்தில் ஒருவரையும் இன்னொருவரையும் இணைக்கும் கோட்டைப் போடுவார். மையால், அடிமட்டம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கோடு உலர்வதற்குள் யாராவது கதவைச் சாத்தினால் தொலைந்தார்கள்.

ஒருமுறை கனடாவிலிருந்து ஒருவர் ஸ்கொட்லாந்துப் பாவாடையே உடுத்திக்கொண்டு வந்து இறங்கினார். தன் முன்னோர் ஒரு குலத்தலைவர் என்பது அவர் நம்பிக்கை. மிஸ் ரிச்சி தேடிக் கண்டுபிடித்த முன்னோரோ, ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் மீன்வலை காயப்போட்டதற்காகக் கோயில் மூப்பர்களிடம் ஏச்சு வாங்கியவர். வந்தவரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாமே," என்றேன் பிறகு.

"மெதுவாச் சொன்னால் வலை காயாமல் போயிடுமோ?" என்றார் மிஸ் ரிச்சி. அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கு அந்தக் கனடாக்காரரிடமிருந்து வாழ்த்து மடல் வந்தது. முன்பக்கத்தில் மீன்வலை ஒன்றை வரைந்திருந்தார். மிஸ் ரிச்சி அதைத் தன் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டினார். எடுக்கவே இல்லை.

இனி மிஸ்டர் ஹார்விக்கு வருகிறேன்.

டெனிஸ் ஹார்வி தெற்கு லண்டனில் ஸ்ட்ரெதம் பகுதியில் இருந்தார். பனிச்சறுக்கு மைதானத்தில் சறுக்குச் சப்பாத்துகளின் அலகைத் தீட்டும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். முதல் நாள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அம்மான்ர சாம்பல் என்ர அலுமாரிக்குள்ள இருக்கு. எங்க கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியேல்லை."

அவர் தாயார் மார்கரெட் ரீட், இறந்து பல வருடங்கள். லண்டனில் வீட்டு வேலைக்கு வந்து, ஹார்வியின் தகப்பனைக் கலியாணம் செய்தவர். ஊர் எது என்று கேட்டால், "நான் கிளாஸ்கோக்காரி" என்பதோடு கதை முடிந்துவிடுமாம். தாய் யார், தகப்பன் யார், எந்தத் தெரு, ஒன்றும் சொன்னதில்லை.

"எனக்கு நெஞ்சில ஒரு ஒப்பரேஷன் செய்யவேணுமெண்டு சொல்லுகினம்," என்றார் ஹார்வி. "நான் போயிட்டால் கவுன்சில்காரர் வந்து வீட்டைத் துப்புரவாக்குவினம். அந்தத் தகரப் பேணிக்குள்ள என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியப்போகுது? குப்பைக்குள்ளதான் போடுவினம். அதுக்கு முதல் அவவை அவவின்ர இடத்தில வைக்கவேணும்."

அவரிடம் ஒரேயொரு துப்பு இருந்தது. கடைசி வருடத்தில் தாயார் ஞாபக மறதியால் முதியோர் இல்லத்தில் இருந்தார். மாலை நேரம் ஆனால் ஜன்னலடிக்குப் போய் நின்று ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். ஹொர்மிச். என்ன அம்மா என்று கேட்டால் மகனையே யாரென்று தெரியாமல் பார்ப்பார். அது அவர் பிறந்த இடத்தின் பெயராக இருக்க வேண்டும் என்று ஹார்வி நினைத்தார். ஸ்கொட்லாந்தின் வரைபடங்கள் எல்லாம் வாங்கித் தேடியிருக்கிறார். அப்படி ஓர் இடம் இல்லை.

நாங்களும் தேடினோம். ஊர்ப் பெயர்களில், பண்ணைப் பெயர்களில், கிளாஸ்கோவின் இடிக்கப்பட்ட தெருக்களில். இல்லை. மார்கரெட் ரீட் என்ற பெயரிலோ கிளாஸ்கோவில் எண்ண முடியாத அளவு பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். மிஸ் ரிச்சி ஹார்வியைக் கூப்பிட்டு, இதற்குமேல் தேடினால் உங்கள் காசுதான் வீண் என்று நேராகவே சொல்லிவிட்டார். ஹார்வி நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஆனால் வருவதை நிறுத்தவில்லை. இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது, அதுதான் எட்டிப் பார்த்தேன் என்று பிஸ்கட் பெட்டியோடு வருவார். கிளார்க்கன்வெல்லில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது எனக்கும் மிஸ் ரிச்சிக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து என் கணவர் சிவம் கூப்பிட்டார். "பவாஆ! தேத்தண்ணி ஆறுது!"

என் பெயர் பவானி. பாஸ்போட்டில் பவானி, வங்கியில் பவானி. பவா என்று உலகத்தில் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அது ஒரு மனிதர் மாடிப்படிக்குக் கீழே நின்று மேலே பார்த்துச் சொல்லும்போது மட்டும் இருக்கிற பெயர். மடித்த துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வேற்றுமை என்று படித்தோமே, விளி. கண்ணனைக் கூப்பிடும்போது அவன் கண்ணா ஆகிறான்.

கீழே போய், மிஸ்டர் ஹார்வியின் தாயார் ஜன்னலடியில் சொன்ன அந்தச் சொல்லைப் பற்றிச் சிவத்திடம் சொன்னேன். அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அஸ்தியை இவ்வளவு காலமும் அலுமாரிக்குள்ளயோ வச்சிருக்கிறார்?" என்றார். அவருக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

திங்கட்கிழமை ஹார்வியைக் கூப்பிட்டேன். "அந்தச் சொல்லை அம்மா எப்பிடிச் சொன்னவ? எழுந்து நிண்டு, அவ மாதிரியே செய்து காட்டுங்கோ," என்றேன். அவருக்கு வெட்கம். இரண்டு மூன்று முறை செருமினார். பிறகு எங்கள் அலுவலக ஜன்னலடிக்குப் போனார். வலக்கையை வாயருகே குவித்து வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, இழுத்துக் குரல் கொடுத்தார். "ஹோ...ர்மிச்!"

கீழே தெருவில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

மிஸ் ரிச்சி பேனையைக் கீழே வைத்தார். "பவானி," என்றார், "உது இடத்தின்ர பேர் இல்லை."

"இல்லை. ஆரையோ கூப்பிடுறா," என்றேன்.

யாரை என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மிஸ் ரிச்சியின் ஊரில் பேசுவது ஸ்கொட்லாந்தின் ஒருவகை ஆங்கிலம். மேற்குத் தீவுகளில் பேசும் கேலிக் மொழி அவருக்கு என்னைப் போலவே அந்நியம். ஆனால் அவருக்கு மர்டோ என்று ஒருவரைத் தெரியும். தீவுக்காரர், லண்டன் பொலிஸில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கேலிக் மொழியில் ஆராதனை நடக்கும் போதெல்லாம் முன்வரிசையில் இருப்பவர். அவரை வரவழைத்தோம். வாசலை அடைக்கிற உடம்போடு வந்து, கதிரையில் பாதியில் உட்கார்ந்தார். ஹார்வி மறுபடியும் ஜன்னலடிக்குப் போய்க் கூப்பிட்டார்.

மர்டோ சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார். ஹார்வி சொன்னார்.

"இது ஆரோ நோர்மனைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுறது," என்றார் மர்டோ. "என்ர அம்மா என்ர அண்ணனை இப்பிடித்தான் கூப்பிடுவா."

நோர்மன் என்ற பெயர் கேலிக் மொழியில் டொர்மொட். ஆளைக் கூப்பிடும்போது பெயரின் முதல் எழுத்து இளகும், கடைசி எழுத்தும் கொஞ்சம் மாறும். டொர்மொட், ஹொர்மிச் ஆகிவிடும். எங்களுக்குப் பெயரின் வால் மட்டும் மாறுகிறது, அவர்களுக்குத் தலையும் மாறுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு மிஸ் ரிச்சியைப் பிடிக்க முடியவில்லை. கிளாஸ்கோவில் பிறந்த ஏழைப் பிள்ளைக்குக் கேலிக் எப்படி வந்தது? ஒரு வழிதான் இருந்தது. அந்தக் காலத்தில் தாய் தகப்பன் இல்லாத, அல்லது வளர்க்க வழியில்லாத நகரத்துப் பிள்ளைகளை அதிகாரிகள் தீவுகளில் இருந்த சிறு விவசாயிகளின் வீடுகளுக்கு அனுப்புவார்கள். வளர்ப்பவர்களுக்குச் செலவுக்குப் பணம் போகும். அப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தால், 1921 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏதோ ஒரு தீவில் நான்கு வயது மார்கரெட் ரீட் இருக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு அப்போதுதான் திறக்கப்பட்டிருந்தது.

இருந்தாள். மேற்குக் கரையில் ஒரு சிறு தீவு. வீட்டுத் தலைவி மோராக் என்ற விதவை. அடுத்த வரியில் நோர்மன் கிறே, வயது ஏழு, பிறந்த இடம் கிளாஸ்கோ. அதற்கடுத்த வரியில் மார்கரெட் ரீட், வயது நான்கு, பிறந்த இடம் கிளாஸ்கோ. வீட்டுத் தலைவிக்கு என்ன உறவு என்ற இடத்தில் இருவருக்கும் ஒரே சொல்தான், தங்கி வளரும் பிள்ளை.

ஹார்விக்கு அந்தப் பக்கத்தின் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டினோம். அவர் அந்தத் திரையைத் தொட்டார். "எனக்கு மாமா ஒராள் இருந்திருக்கிறார்," என்றார். "அம்மாக்கு ஒரு அண்ணன்!" குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே என்று நான் இழுத்தேன். தகப்பன்மார் வேறாக இருந்திருக்கலாம் என்றார். இருந்திருக்கலாம்தான். மர்டோ அதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டார். தீவுக்காரர்களுக்குக் கணக்கெடுப்பு தேவையில்லை. அவர் தன் மச்சானைக் கூப்பிட, அந்த மச்சான் யாரோ ஒரு கடைக்காரரைக் கூப்பிட, அன்று மாலைக்குள் நோர்மனின் மகள் கிடைத்துவிட்டார். கேட்டி ஆன். அந்தத் தீவிலேயே கப்பல் துறையில் ரிக்கெட் கொடுக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நோர்மன் காலமாகிவிட்டார். கேட்டி ஆன் ஹார்வியைத் தானே அழைத்து, "பெய்கி மாமியின்ர மகனோ? நான் லண்டனுக்கு வாறன்," என்று சொல்லிவிட்டார். மார்கரெட்டை அந்தத் தீவில் பெய்கி என்று அழைத்திருக்கிறார்கள்.

இந்தச் சந்தோஷத்தின் நடுவில் மிஸ் ரிச்சி மட்டும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடத்துக் கணக்கெடுப்பில் சிறு பிள்ளைகளின் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்றும் கேட்டிருந்தார்கள். மார்கரெட்டுக்கு இருவரும் இல்லை. நோர்மனுக்குத் தாய் உயிரோடு இருந்தார். ஒரே தாய் ஒரு பிள்ளைக்குச் செத்தும் மற்றப் பிள்ளைக்கு உயிரோடும் இருக்க முடியாது. பிறப்புப் பதிவுகளை எடுத்தோம். தாய்மார் வேறு. தகப்பன்மார் வேறு. பிறந்த பகுதிகளும் வேறு. அந்தப் பிள்ளைகள் இருவரும் ஒருவருக்கொருவர் ஒன்றுமே இல்லை.

மிஸ் ரிச்சி ஹார்வியை வரச்சொல்லி, தானே தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். இதை மெதுவாகத்தான் சொன்னார், அதை நான் கவனித்தேன்.

"நோர்மன் உங்கட மாமா இல்லை, மிஸ்டர் ஹார்வி. ரத்த உறவு ஒண்டும் இல்லை. ஒரே வீட்டில வளர்ந்த இன்னொரு பிள்ளை."

ஹார்வி தேநீரைக் குடிக்கவில்லை. கோப்பையின் காதைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"அப்ப," என்றார் கடைசியில், "அம்மா ஆரைக் கூப்பிட்டவ?"

மிஸ் ரிச்சி பிஸ்கட் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

கேட்டி ஆன் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தான் உண்மையை இன்னும் அவரிடம் சொல்லவில்லை என்று ஹார்வி எனக்குப் போன் செய்து சொன்னார். "அவ மாமியின்ர மகனைப் பாக்க வாறா. நான் ஆரெண்டு சொன்னால் அடுத்த ரெயினில திரும்பிப் போயிடுவா. நீங்களும் ஒருக்கா வாங்கோ. தனியப் போக ஏலாமல் இருக்கு." வேலை நேரம்தான். மிஸ் ரிச்சியிடம் கேட்டேன். "போய் வாரும்," என்றார். "ஆனால் பொய்க்குத் துணை போகாதையும்."

யூஸ்ட்டன் நிலையத்தில் ரெயின் நேரம் காட்டும் பலகைக்குக் கீழே நின்றோம். ஹார்வி புதிதாக முடி வெட்டியிருந்தார். கிளாஸ்கோ ரெயின் வந்து சனம் கொட்டியது. அதற்குள்ளிருந்து, நரைத்த தலையும் மழைச்சட்டையும் சிவந்த கன்னங்களுமாக ஓர் அம்மா பெரிய பையொன்றை இழுத்துக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். எப்படி அடையாளம் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். "பயந்துபோய் நிண்ட ஒரே ஆள் இவர்தான்," என்றார்.

மேல்மாடிக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். பையிலிருந்து புகையூட்டிய மீன், கேக், கம்பளிக் காலுறை எல்லாம் வெளியே வந்தன. ஹார்வி எதையும் தொடவில்லை. காலுறையை நடுவில் தள்ளி வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பாராமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"நான் உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும். உங்கட அப்பாவும் என்ர அம்மாவும் சகோதரங்கள் இல்லை. பதிவுகளில பாத்தாச்சு. நான் உங்களுக்கு ஒருத்தரும் இல்லை. காலுறையைத் திருப்பி எடுங்கோ."

கேட்டி ஆன் காலுறையை மறுபடியும் அவர் பக்கம் தள்ளினார்.

"அது எங்களுக்குத் தெரியுமே," என்றார்.

ஹார்வி நிமிர்ந்தார்.

"அப்பா எங்களுக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கிறார்! கிளாஸ்கோவில இருந்து கப்பலில பிள்ளைகளைக் கொண்டுவந்தவை. கடல் மோசம். சின்னப் பெட்டை ஒண்டு சத்தியெடுத்துச் சத்தியெடுத்து, கடைசியில அப்பான்ர மடியில தலை வச்சு நித்திரையாப் போச்சுதாம். அவர் அதுக்கு முதல் அவவைக் கண்டதே இல்லை. துறையில இறங்கினால், ஊர்ச்சனம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோக நிக்குது. மோராக் கிழவிக்குப் பெடியன்தான் வேணும், தோட்ட வேலைக்கு. பெட்டைக்கு வேற ஊர், தீவின்ர மற்றக் கரையில. பெட்டை அப்பான்ர சட்டையைப் பிடிச்ச பிடி விடேல்லை. கூட்டிவந்த அதிகாரி கேட்டாராம், இவள் உனக்கு ஆர் எண்டு. அப்பா சொன்னார், தங்கச்சி எண்டு."

கேட்டி ஆன் கோப்பியைக் கலக்கினார்.

"அதிகாரியின்ர கையில காகிதம் இருந்தது. அதில எல்லாம் எழுதியிருக்கும்தானே? அவர் காகிதத்தைப் பாத்தார், அப்பாவைப் பாத்தார். பிறகு காகிதத்தை மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வச்சிட்டார். மோராக் என்னவோ புறுபுறுத்துக்கொண்டு ரெண்டு பேரையும் கையில பிடிச்சுக்கொண்டு போயிட்டா. தான் வாழ்க்கையில சொன்ன பொய்யளுக்குள்ள அதுதான் திறமான பொய் எண்டு அப்பா சொல்லுவார்."

பெய்கி பதினைந்து வயதளவில் வேலைக்கென்று தீவை விட்டுப் போனார். நோர்மன் கப்பலில் வேலைக்குப் போனார். பிறகு போர் வந்தது, மோராக் இறந்தார், வீடு பூட்டப்பட்டது. நோர்மன் கரைக்கு வந்து தங்கையைத் தேடியபோது, அவர் கலியாணம் செய்து வேறு குடும்பப் பெயரில் லண்டனில் இருந்தார். பெய்கி ரீட் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்?

"எனக்குத் தெரிஞ்ச காலத்தில இருந்து எங்கட வீட்டுக் கும்பிடுதலில பெய்கி மாமியின்ர பேர் சொல்லாமல் விட்டதில்லை," என்றார் கேட்டி ஆன். "இப்ப காலுறையைப் போடுங்கோ. அளவு சரியோ எண்டு பாப்பம்."

ஹார்வி அந்தக் கோப்பிக் கடையிலேயே சப்பாத்தைக் கழற்றினார். குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் இதை மிஸ் ரிச்சியிடம் சொன்னேன். ஹார்வியின் வம்ச மரம் அவர் மேசையில் பாதியில் கிடந்தது. மார்கரெட் ஒரு பக்கம், நோர்மன் எங்கோ தூரத்தில், நடுவில் வெறும் தாள்.

"ஆர் சொன்னது?" என்றார் வழக்கம்போல.

"நோர்மன். மகளிட்ட."

"எழுத்தில ஏதும்?"

"இல்லை."

அவர் கணக்கெடுப்பின் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டார். மோராக், நோர்மன், மார்கரெட், மூன்று வரிகள். "தங்கி வளரும் பிள்ளையள் எண்டு இதில கிடக்கிறது ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"மோராக்தான் சொல்லியிருப்பா."

"வாசலில நிண்டு சொல்லியிருப்பா. கணக்கெடுக்க வந்தவன் எழுதியிருப்பான். வயது, பேர், உறவு, எல்லாம் ஆரோ வாசலில நிண்டு சொன்னதுதான். நான் இவ்வளவு காலமும் நம்பிக் கோடு போட்டதெல்லாம் அதைத்தான்." நோர்மனின் வரியில் விரலை வைத்தார். "பெடியன் துறையில நிண்டு சொன்னான். அவன் தான் என்ன சொல்லுறனெண்டு தெரிஞ்சுகொண்டு சொன்னான். அதுதான் வித்தியாசம்."

அடிமட்டத்தை எடுத்தார். மையால் அல்ல, பென்சிலால், புள்ளி புள்ளியாக நோர்மனையும் மார்கரெட்டையும் இணைத்து ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே "நோர்மன் சொன்னபடி" என்று எழுதினார். நான் அவரோடு வேலை செய்த காலம் முழுவதும் அப்படி ஒரு கோட்டை அவர் போட்டதை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஹார்விக்குப் பிரதி அனுப்பும்போது என்னிடம், "அதை அழிச்சிடாமல் கவனமா மடியும்," என்றார்.

ஹார்விக்கு ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கேட்டி ஆன் வந்து ஸ்ட்ரெதம் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொண்டார். நான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். குடித்துவிட்டு இருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த முறை கொண்டுவரவும் சொல்லவில்லை. அடுத்த கோடையில் ஹார்வி சாம்பலை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனார். நோர்மனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சண்டை தொடங்கியது. கல்லில் என்ன பெயர் வெட்டுவது? மார்கரெட் என்றார் ஹார்வி. பெய்கி என்றார் கேட்டி ஆன். இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. ஹார்வி எனக்குப் போன் செய்து குமுறினார்.

"இந்த வயதுவரைக்கும் ஒரு சொந்தமும் இல்லாமல் நிம்மதியா இருந்தனான், பவானி. ஒரு கசின் வந்தாள், நிம்மதி போச்சு."

"எங்கட மொழியில கசின் எண்டு பொதுவாச் சொல்லுறேல்லை," என்றேன். "தாயின்ர அண்ணன்ர மகள் மச்சாள். மச்சாளோட சண்டை பிடிக்கிறது வழக்கம்தான்."

"அதுக்கு ஒரு தனிச் சொல்லே வச்சிருக்கிறீங்களோ?" என்றார். சொல்லிப் பார்த்தார். மச்சாள். பிறகு இன்னும் கோபமாக, "சரியான பொருத்தமான சொல்," என்றார்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் அவர் போன் நிற்கவில்லை. போன மாதம் ஒரு நாள் காலையில் அழைத்தார். கல் வந்துவிட்டதாம். நோர்மனின் பழைய கல்லை எடுத்துவிட்டு இருவருக்கும் ஒரே கல்லாகக் கேட்டி ஆன் வைத்துவிட்டாராம். மார்கரெட், பெய்கி, இரண்டு பெயரும் இருக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"நோர்மன்ர பேர் மேல. அம்மான்ர பேர் கீழ. ஏன் அப்பிடியெண்டு கேட்டன். கேட்டதுக்கு என்ன சொல்லுறாள் தெரியுமோ? தங்கச்சி எண்டால் கீழதான் வருமாம்!"

கோபமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு மறுமுனையில் சத்தமே இல்லை. தொடர்பு போய்விட்டதோ என்று நினைத்து, "ஹலோ," என்றேன்.

"ஓம், இருக்கிறன்," என்றார் மிஸ்டர் ஹார்வி. "அவள் சொல்லுறது சரிதான். தங்கச்சிதானே."